கொஞ்சம் வேகமாக எழச் சொல்லுங்கள்: முதியோருக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிசியோதெரபிஸ்ட்களுக்கும், முதியோர் இல்லங்களில் நாற்காலிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்கும், வீடு தேடி வந்து எங்களைக் காலை நீட்டச் சொல்லி மடக்கச் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் எழுபதைத் தாண்டியவள். இரண்டு முட்டியிலும் தேய்மானம், வெளியே போனால் வாக்கர், வீட்டுக்குள் சுவரும் மேஜையும். உங்களில் பாதிப் பேருக்கு என் பிள்ளைகளின் வயதுகூட இருக்காது. ஆனாலும் எங்கள் உடம்பைப் பற்றி எங்களைவிட அதிகம் படித்தவர்கள் நீங்கள் என்பதால் மரியாதையோடுதான் எழுதுகிறேன், நடுவில் கொஞ்சம் கோபம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது ஒன்றுதான். எங்கள் கால்களுக்கு நீங்கள் தருகிற பயிற்சியில் கனமும் இல்லை, வேகமும் இல்லை. எங்களுக்கு இரண்டும் வேண்டும். அதிலும் வேகம் என்று ஒன்று இருப்பதையே வகுப்புக்குள் யாரும் பேசுவதில்லை.

வழக்கமான வகுப்பு எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைப்பீர்கள். கணுக்காலைச் சுழற்று, பத்து முறை. முட்டியைத் தூக்கு, பத்து முறை. காலை நீட்டு, மடக்கு, பத்து முறை. இடையில் கைதட்டல், கடைசியில் மூச்சுப் பயிற்சி, ஆரம்பம் முதல் முடிவு வரை "மெதுவா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்லை" என்கிற குரல். இதில் கெடுதல் எதுவும் இல்லை. மூட்டு இறுகாமல் இருக்கும், காலில் நீர் கோத்துக்கொள்வது கொஞ்சம் குறையும், நாலு பேரைப் பார்த்துப் பேசிய மாதிரியும் இருக்கும், தனியாக இருக்கிறவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் போன வருடமும் அதே பத்து, இந்த வருடமும் அதே பத்து, காலில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன எடைகூடக் கிடையாது என்றால் அந்தக் கால் எதற்காகப் பலப்பட வேண்டும்? தசைக்குச் சிரமம் கொடுக்காமல் தசை வளராது. இருபது வயதுப் பையனுக்கு இதை நீங்களே ஜிம்மில் சொல்லிக்கொடுப்பீர்கள், எங்களிடம் வந்ததும் அதே பாடம் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

ஒரு வகுப்பில் இன்னும் கெட்டியான ரப்பர் பட்டை கேட்டேன். "உங்க வயசுக்கு இதுவே ஜாஸ்தி அம்மா" என்றார் அந்தத் தம்பி, சிரித்துக்கொண்டேதான், அன்பாகத்தான். பக்கத்து நாற்காலிக்காரியோடு கதை பேசிக்கொண்டே அந்தப் பட்டையை நான் இழுத்துக்கொண்டிருந்தேன், மூச்சுகூட வாங்கவில்லை. பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுக்கு லேசான பயிற்சி நடைக்கு இருக்கலாம், பலம் ஏற்றுகிற பயிற்சிக்கு அது போதாது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

சரி, வேகத்துக்கு வருகிறேன்.

பலம் வேறு, பவர் வேறு என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை என்னைப் போன்றவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. ஒரு கனத்தைத் தள்ள முடிகிறதா என்பது பலம். அதை எவ்வளவு சீக்கிரம் தள்ள முடிகிறது என்பது பவர், விசையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஒரே எடையுள்ள இரண்டு பேரில் ஒருவர் நாற்காலியிலிருந்து ஆறு விநாடி முக்கி முனகி எழுகிறார், இன்னொருவர் ஒரே விநாடியில் எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலை ஒன்றேதான், பவரில் ஆறு மடங்கு வித்தியாசம்.

வயதாக ஆக, பலத்தைவிட பவர்தான் முதலில் போகிறது, வேகமாகவும் போகிறது. 1994இல் பிரிட்டனில் 65 முதல் 89 வயது வரை உள்ள ஆண்களும் பெண்களுமாக 100 பேரை அளந்து பார்த்தார்கள். தொடையின் பலம் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் என்று குறைந்துகொண்டு வந்தது, காலின் பவரோ ஆண்டுக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். தசைக்குள் சட்டென்று சுருங்குகிற வேக இழைகள், நின்று நிதானமாக உழைக்கிற மெது இழைகள் என்று இரண்டு வகை உண்டு, வயது முதலில் கைவைப்பது வேக இழைகளில்தான். மேலும் ஒரு விஷயம் இருக்கிறது, இந்த மடலே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்: லேசாக, மெதுவாகச் செய்கிற எந்த அசைவுக்கும் உடம்பு மெது இழைகளை மட்டும்தான் கூப்பிடும். கனம் கூடினாலோ, வேகம் வேண்டும் என்று கேட்டாலோதான் வேக இழைகளுக்கு அழைப்பு போகும். அப்படியென்றால் உங்கள் வட்ட நாற்காலி வகுப்பில், மாதக்கணக்காக, எங்களுக்கு எது அதிகம் தேய்ந்துபோயிருக்கிறதோ அதற்கு வேலையே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

எதற்கு இந்த வயதில் வேகம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்கள் கால்களோடு வாழ்ந்து பார்க்க வேண்டும். கால் விரல் எங்கோ இடறி உடம்பு முன்னால் சாய்கிறது. அடுத்த காலை உடனே முன்னால் ஊன்ற வேண்டும், அதற்கு ஒரு விநாடிகூட அவகாசம் கிடையாது. நான் எவ்வளவு பலமாக ஊன்றுவேன் என்பது அப்புறம், நேரத்துக்குள் ஊன்றுவேனா என்பதுதான் கேள்வி. சாலையைக் கடக்கும்போது விளக்கு எனக்காகக் காத்திருப்பதில்லை. ராத்திரி கழிப்பறைக்குப் போக வேண்டிய அவசரத்தில் கட்டிலிலிருந்து எழுவதற்கே பாதி நேரம் போய்விட்டால் மீதியை நான் எழுத வேண்டாம். முதியோர் காப்பகத்தில் இருந்த மிக வயதானவர்களை வைத்து 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது, நடப்பது என்று மூன்றிலும் யார் எவ்வளவு வேகம் என்பது கால் பவரைப் பொறுத்தே இருந்தது.

இவ்வளவு வயதில் தசை ஏறுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, பாஸ்டனில் நடந்த பழைய கதை ஒன்று இருக்கிறது, உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். 1990இல் ஒரு காப்பகத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய, தளர்ந்துபோன 10 பேருக்கு எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் பாதியில் நின்றுவிட்டார், முடித்த 9 பேருக்கும் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழவே முடியாதிருந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்துவிட்டார். நான்கே ஆண்டுகள் கழித்து, சராசரி 87 வயதுள்ள 100 பேரை வைத்துப் பத்து வாரம் செய்து பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களின் பலம் 113 சதவீதம் கூடியது, நடை வேகம் 12 சதவீதத்தை ஒட்டியும் படியேறும் பவர் 28 சதவீதத்தை ஒட்டியும் உயர்ந்தன. இதே ஆய்வில் சிலருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் கொடுத்தார்கள், அதனால் பலமும் ஏறவில்லை, நடையும் மாறவில்லை. சத்துமாவு டப்பாவை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிற பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

கவனியுங்கள், அவர்களுக்குக் கொடுத்தது வெறும் காலை ஆட்டுகிற பயிற்சி இல்லை. ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடை எதுவோ அதில் 80 சதவீதம். அதுவும் வாரத்துக்கு மூன்று நாள், பக்கத்தில் ஆள் நின்று, பலம் கூடக் கூட எடையையும் கூட்டிக்கொண்டே போனார்கள். அப்படிச் செய்தால்தான் வரும்.

கனம் என்றதும் உங்களுக்குப் பயம் வரும், சட்டம், வழக்கு, வீட்டுக்காரர்களின் கோபம் எல்லாம் கண் முன்னால் வரும். நல்ல செய்தி என்னவென்றால் பவருக்கு எப்போதும் பெரிய கனம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மூன்று குழுவாகப் பிரித்து உச்ச எடையில் 20, 50, 80 சதவீதம் என்று கொடுத்து, தள்ளும்போது முடிந்தவரை வேகமாகத் தள்ளச் சொன்னார்கள். 2005இல் வெளிவந்த முடிவுப்படி மூன்று குழுவுக்கும் பவர் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடியிருந்தது. பலம் அதிகம் கூடியது கனமான குழுவுக்கு, உடம்பின் சமநிலை அதிகம் தேறியது லேசான குழுவுக்கு. என் முட்டிகள் 80 சதவீதத்துக்குச் சம்மதிக்காவிட்டாலும் 20 சதவீதத்தை வேகமாகத் தள்ளுவதற்குச் சம்மதிக்கும். என்னைப் போன்ற மூட்டுக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வாசல் வேண்டும்?

மிகைப்படுத்தியும் சொல்ல மாட்டேன். வேகப் பயிற்சியையும் வழக்கமான எடைப் பயிற்சியையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. அன்றாட வேலை செய்கிற திறனில் வேகப் பயிற்சிக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிகிறது, ஆனால் ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை என்றுதான் அதில் முடித்தார்கள். எனக்கு அது போதும். கூடுதல் செலவில்லை, கூடுதல் நேரமில்லை, ஏற்கெனவே செய்கிற பயிற்சியில் மேலே போகிற பாதியை மட்டும் வேகமாகச் செய்யச் சொல்கிறோம்.

எப்படி என்று விளக்க, நாற்காலியிலிருந்து எழுவதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நடமாட்டம் குறைந்தவர்களுக்கு இதைவிட உபயோகமான பயிற்சி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை, அதைப் பாதிப் பேர் தப்பாகவே செய்கிறோம். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள, கெட்டியான நாற்காலி. நாற்காலியின் முதுகுப் பக்கம் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். இருக்கையின் முன் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, நெஞ்சை நிமிர்த்தியபடியே இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும், மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை. அப்போதுதான் உடம்பின் கனம் பாதத்துக்கு வரும். பெரும்பாலானவர்கள் விழுந்துவிடுவோமோ என்று பயந்து நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், அது யாராலும் முடியாது, இருபது வயதுக்காரராலும் முடியாது. சாய்ந்ததும் தரையைக் காலால் உதைத்துத் தள்ளுகிற மாதிரி வேகமாக எழ வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது வெளியே விட வேண்டும். நின்று, நிலைப்பட்டு, பிறகு உட்காரும்போது மட்டும் உங்களுக்குப் பிடித்த "மெதுவா". மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்கலாம். தொப்பென்று நாற்காலியில் விழுகிற பழக்கம் எலும்பு தேய்ந்தவர்களின் முதுகெலும்புக்கு ஆபத்து, தவிர இறங்குகிற பாதியில் தசைக்குக் கிடைக்கிற வேலையும் வீணாகிறது.

வேகம் என்று நான் சொல்வதைக் கேட்டுக் குதிக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்க்கிறவர் கண்ணுக்கு நான் எழுவது வேகமாகவே தெரியாது. வேகமாக எழ வேண்டும் என்று நான் எடுக்கிற எத்தனம்தான் முக்கியம், அந்த எத்தனத்துக்குத்தான் நரம்பும் வேக இழைகளும் பதில் சொல்கின்றன. ஆட்டி எறிவதும் வெட்டி இழுப்பதும் வேகம் இல்லை, அதை நீங்கள் திருத்த வேண்டும், அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

அப்புறம், ஆளுக்கு ஆள் நாற்காலியின் உயரத்தை மாற்றுங்கள். ஒரே உயரத்தில் எல்லாரையும் உட்காரவைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. எழ முடியாதவருக்குக் கெட்டியான மெத்தைத் திண்டு ஒன்றை இருக்கையில் போட்டு உயர்த்தினால் முட்டிக்கும் தொடைக்கும் வருகிற பாரம் சட்டென்று குறையும், அவராலும் வேகமாக எழ முடியும். நாளாக ஆகத் திண்டை மெல்லியதாக்குங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். முதலில் இரண்டு கையையும் ஊன்றட்டும், பிறகு ஒரு கை, பிறகு விரல் நுனி, பிறகு நெஞ்சில் குறுக்கே. அதுவும் சுலபமாகிவிட்டால் எடை வைத்த மேலங்கி இருக்கிறது. 70 வயதைத் தாண்டிய, நடமாட்டம் குறைந்த பெண்களை வைத்து அமெரிக்காவில் 2004இல் செய்த ஆய்வில் அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, குதிகாலைத் தூக்குவது எல்லாவற்றிலும் மேலே போகிற பாதியை மட்டும் வேகமாகச் செய்யச் சொன்னார்கள், பன்னிரண்டு வாரத்தில் கால் பவர் நன்றாகவே தேறியது.

எழவே முடியாதவர்களை இந்த இடத்தில் கைவிட்டுவிடாதீர்கள். வகுப்பில் பின்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களைக் கைதட்டச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள், அவர்களுக்கும் அது தெரியும். பிட்டத்தை இருக்கையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கி இறக்க முடிந்தால் அதுவே ஆரம்பம். அதுவும் முடியாதென்றால், கெட்டி ரப்பர் பட்டையைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, மடக்கிய காலை வேகமாக முன்னால் நீட்டித் தள்ளி மெதுவாக மடக்கலாம், பட்டை நழுவி முகத்தில் அடிக்காமல் பாதத்தின் நடுவில் சுற்றியிருக்க வேண்டும். கணுக்காலில் எடைப் பட்டை கட்டி முட்டியை வேகமாக நீட்டலாம். உட்கார்ந்தபடி குதிகாலை ஊன்றிக்கொண்டு கால் விரல்களை டக் டக்கென்று மேலே தூக்கலாம். இந்தக் கடைசிப் பயிற்சி பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் நடக்கும்போது பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பது கால் எலும்புக்கு முன்னாலிருக்கிற அந்தத் தசைதான், அது சோம்பினால் விரல் தரையில் உரசும், இடறும். பக்கவாதம் வந்தவர்கள் எழும்போது பலவீனமான காலை மற்ற காலைவிடச் சற்றுப் பின்னால் வைக்கச் சொல்லிப் பாருங்கள், இல்லையென்றால் நல்ல காலே எல்லா வேலையையும் செய்துவிடும், தேற வேண்டிய கால் சும்மா வேடிக்கை பார்க்கும். நிற்க முடிகிறவர்களுக்குக் குதிகாலைத் தூக்குவது, சமையல் மேடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே வேகம், கீழே நிதானம். கெண்டைக்கால்தான் நடையில் எங்களை முன்னால் தள்ளுகிறது, அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

எத்தனை முறை என்பதில் நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. எட்டோ பத்தோ, இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ, நடுவில் ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. அந்த ஓய்வைக் கட்டாயம் கொடுங்கள், களைத்த காலில் வேகம் வராது. வேகம் விழுந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்த உடனே அந்தச் சுற்றை நிறுத்திவிடலாம், எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. எவ்வளவு சிரமமாக இருந்தது என்று பத்துக்கு மார்க் கேளுங்கள், ஐந்து ஆறு வராவிட்டால் கனத்தையோ உயரத்தையோ மாற்றுங்கள். நாடித் துடிப்பைப் பார்த்து அளக்காதீர்கள், இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அவ்வளவாக மேலே போகாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதுதான்: 65 வயதுக்கு மேல் பலப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது, சமநிலையும் பலமும் கலந்த பயிற்சி மூன்று நாளாவது. மாதம் ஒரு முறை வந்து படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிற முகாம்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சமநிலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கால் பவரை மட்டும் ஏற்றிவிட்டால் யாரும் விழ மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 108 ஆய்வுகள், 23,000 பேருக்கும் மேல், இவற்றைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற சர்வதேச அமைப்பு) தொகுப்பில் உடற்பயிற்சியால் விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்தது, அதில் உறுதியான பங்கு சமநிலைப் பயிற்சிக்கும் எழுவது, நடப்பது, படியேறுவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிக்கும்தான். பலப் பயிற்சி மட்டும் தனியாக விழுவதைக் குறைக்குமா என்பதற்கு அதில் தெளிவான பதில் இல்லை. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள், கணுக்காலில் எடை கட்டிப் பலப் பயிற்சி, கூடவே சமநிலைப் பயிற்சி, நடை, எல்லாம் வீட்டிலேயே, எடையைக் கூட்டுவதற்காகவே ஆள் நடுநடுவே வந்து போவார். அது முதியவர்கள் விழுவதை 35 சதவீதம் குறைத்தது. எனக்குப் பிடித்தது அந்த "எடையைக் கூட்டுவதற்காகவே" என்பதுதான்.

ஆபத்தைப் பற்றி நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி வருகிறவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், சமீபத்தில் எலும்பு முறிந்தவர், அறுவை சிகிச்சை ஆனவர், இவர்களெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் எவ்வளவு குனியலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். படுத்திருந்தவரை நேராக எழுப்பாதீர்கள், ஒரு நிமிடம் உட்காரட்டும், தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். வெறும் சாக்ஸோடு வழவழத்த தரையில் யாரையும் நிற்கவைக்காதீர்கள். சக்கர நாற்காலிக்கு பிரேக், கால் வைக்கும் தட்டை மடக்கி ஒதுக்குவது, இவற்றையெல்லாம் நீங்கள் மறக்க மாட்டீர்கள். மூட்டு வலியைப் பொறுத்தவரை, செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை. மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது, இருக்கையை உயர்த்துங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். வலிக்கிறது என்றதும் முழுசாக நிறுத்திவிடுவதுதான் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

சும்மா இருப்பதை ஏன் யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை? ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத் திசு போய்விட்டது. பத்தே நாளில். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, "எழுந்துக்காதீங்க, விழுந்துடுவீங்க" என்று சொல்லிச் சொல்லிப் படுக்கவைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது வாக்கர் கொடுத்து அனுப்புகிறார்களே, அந்த வாக்கர் காய்ச்சலால் வந்தது இல்லை. அதே மாதிரி, முன்னால் சொன்ன பாஸ்டன் தொண்ணூறு வயதுக்காரர்கள் பயிற்சியை நிறுத்தியதும் நான்கே வாரத்தில் அவர்களுடைய பலத்தில் 32 சதவீதம் குறைந்துபோனது. எனவே "மூன்று மாதப் பயிற்சி முடிந்தது, வாழ்த்துகள்" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்புவதையும் கொஞ்சம் யோசியுங்கள். முடிகிற விஷயம் இல்லை இது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் நீங்கள்தான் பேச வேண்டும், நாங்கள் சொன்னால் எடுபடாது. நாற்காலியிலிருந்து எழப்போகும்போதே ஓடி வந்து கைக்கு அடியில் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள். பாசம்தான். ஆனால் ஒரு நாளைக்கு நான் எழுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பயிற்சி, அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நில்லுங்கள், தூக்காதீர்கள், அவர்களே எழட்டும், ஐந்து விநாடி ஆனாலும் காத்திருங்கள் என்று உங்கள் வாயால் ஒரு முறை சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

இனி நேரடியாக நான் கேட்பது. அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒரு ஸ்டாப்வாட்ச் கொண்டுவாருங்கள், கைபேசியிலேயே இருக்கிறது. 30 விநாடியில் ஒவ்வொருவரும் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறோம் என்று எண்ணி எங்கள் பெயருக்கு எதிரே எழுதுங்கள். கையை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 70 முதல் 74 வயதில் ஆணுக்கு 12க்கும் பெண்ணுக்கு 10க்கும் குறைந்தால் விழும் அபாயம் உண்டு என்று பொருள், 80 முதல் 84 வயதில் அது 10, 9. கையை ஊன்றினால் அந்தக் கணக்கில் பூஜ்யம். எங்களில் பலருக்கு பூஜ்யம்தான் வரும், பரவாயில்லை, கை ஊன்றி எத்தனை என்றும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், எங்களை எங்களோடு ஒப்பிட அது போதும். எட்டு வாரம் கனமும் வேகமும் கொடுத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறவில்லை என்றால் பயிற்சியை மாற்றுங்கள், எங்கள் வயதைக் காரணம் காட்டாதீர்கள். அதோடு அந்தக் கெட்டி ரப்பர் பட்டையையும் எடுத்து வாருங்கள், எனக்கு ஒன்று, பின்வரிசைச் சக்கர நாற்காலிக்காரருக்கு ஒன்று, அவர் கேட்கத் தயங்குகிறார்.

இப்படிக்கு,
வாக்கரோடு வந்து முன்வரிசையில் உட்காருகிற உங்கள் மாணவி